கை சொல்வதை எழுதி வைப்பது எப்படி? – சைகை மொழியும் ‘ஈலான்’ மென்பொருளும்

பேச இயலாத ஒருவரின் சைகை, நாவால் சொன்ன சொல்லுக்குச் சமம். ஃபிக்ஹ் நூல்களை ஓதியவர்களுக்கு இது தெரிந்த சட்டம்தான். உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பின் 70-வது பிரிவும் இதையே சொல்கிறது. அந்த அரண்மனையில் செவித்திறன் இல்லாத பணியாளர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். சுல்தான்களே அவர்களோடு சைகையில் பேசப் பழகியிருந்தார்கள் என்பது வரலாறு.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சைகை ‘மஃஹூத்’ ஆக, அதாவது அறியப்பட்டதாக, வழக்கில் உள்ளதாக இருக்க வேண்டும். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் இன்னும் நுணுக்கமாகப் போகிறார்கள். பேச இயலாதவர் சைகையால் தலாக் சொல்லும்போது, பார்க்கும் எவருக்கும் அது விளங்கினால் ‘ஸரீஹ்’, அதாவது வெளிப்படைச் சொல். கூர்மையான அறிவுள்ளவர்களுக்கு மட்டும் விளங்கினால் ‘கினாயா’, மறைமுகச் சொல். அப்போது நிய்யத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. ஒரு சைகை ‘அறியப்பட்டது’ என்று யார் முடிவு செய்வது? அது யாருக்கு அறியப்பட்டது? காது கேட்கும் நமக்கா, அந்த மொழியிலேயே வாழ்கிறவர்களுக்கா? ஒரு சொல் அறியப்பட்டதா என்று பார்க்க அகராதி இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது, எழுத்து இருக்கிறது. காற்றில் எழுந்து மறைந்துவிடும் கையசைவுக்கு என்ன இருக்கிறது? கடந்த இருபது ஆண்டுகளாக உலகெங்கும் சைகை மொழி ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைப் பற்றி நாம் எழுத முனைந்தது இதனால்தான்.

அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். சைகை மொழி என்பது தமிழையோ ஆங்கிலத்தையோ கையால் நடித்துக் காட்டுவது அல்ல. உலகம் முழுவதும் ஒரே சைகை மொழி இருக்கிறது என்பதும் சரியல்ல. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் அந்த இரு நாட்டுச் சைகை மொழிகளும் வெவ்வேறு. ஒருவர் ஒரு கையால் எழுத்துகளைக் காட்டுவார், மற்றவர் இரு கைகளால் காட்டுவார். 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, செவித்திறன் இல்லாதோர் பள்ளிகளில் சைகையே வேண்டாம் என்று தீர்மானித்தது. அதன் நிழல் ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது. 1960-இல்தான் வாஷிங்டனில் உள்ள காலடெட் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கோ, சைகைக்கும் உறுப்புகள் உண்டு என்று காட்டினார். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அது அசையும் விதம் ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் சொல் மாறிவிடும். ‘பல்’ என்பதில் ஓர் எழுத்து மாறினால் ‘கல்’ ஆவது போல.

குர்ஆனை ஓதுகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கக் கூடாது. ஸகரிய்யா (அலை) அவர்கள் மூன்று நாட்கள் சைகையால் மட்டுமே மக்களிடம் பேசினார்கள் (3:41). மர்யம் (அலை) அவர்கள் குழந்தையைச் சுட்டிக்காட்டியது ஒரு முழுப் பதிலாகவே இருந்தது. கூட்டத்தார் அதைப் புரிந்துகொண்டுதான் எதிர்க்கேள்வி கேட்டார்கள் (19:29). இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பேச இயலாதவரின் சைகை செல்லும் என்று வாதிடும் இடத்தில் இந்த வசனத்தைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

ஒரே நேரத்தில் பல வரிகள்

பேச்சை எழுதுவது எளிது. ஒரு சொல்லுக்குப் பின் இன்னொரு சொல் வரும். வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம். சைகை அப்படி வருவதில்லை. வலக்கை ஒரு சொல்லைச் சொல்லும்போது இடக்கை முந்தைய சொல்லை அப்படியே பிடித்து வைத்திருக்கும். அதே நொடியில் புருவம் உயர்ந்து, சொன்னதைக் கேள்வியாக்கிவிடும். தலை அசைந்து எதிர்மறையாக்கிவிடும். உதடு ஒரு சொல்லின் பாதியை உச்சரிக்கும். இத்தனையையும் ஒரே வரியில் எழுத முடியாது.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘ஈலான்’ இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி காட்டுகிறது. இலவசமானது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். திறந்தால் மேலே வீடியோ தெரியும். முன்பக்கம் ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒரு கேமரா என்று எடுத்திருந்தால் இரண்டையும் நேரம் பிசகாமல் இணைத்து ஓட்டலாம். கீழே இடமிருந்து வலமாக ஒரு காலக்கோடு. அந்தக் கோட்டின் கீழ் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குகள். வலக்கைக்கு ஓர் அடுக்கு, இடக்கைக்கு ஓர் அடுக்கு, புருவத்துக்கு, தலைக்கு, வாய்க்குத் தனித்தனி அடுக்கு, கடைசியில் மொழிபெயர்ப்புக்கு ஓர் அடுக்கு. எத்தனை வேண்டுமானாலும் நாமே வைத்துக்கொள்ளலாம். இசை தெரிந்தவர்கள் பல கருவிகளுக்கான சுரங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதும் தாளை நினைத்துக்கொள்ளலாம்.

வேலை செய்யும் முறை இது. வீடியோவை மெதுவாக, ஒரு சட்டம் ஒரு சட்டமாக நகர்த்த வேண்டும். வினாடிக்கு 25 சட்டங்கள் உள்ள வீடியோ என்றால் ஒரு சட்டம் 40 மில்லி வினாடி. கை எழும் சட்டத்திலிருந்து அடங்கும் சட்டம் வரை சுட்டியால் இழுத்து, அந்தத் துண்டில் அந்தச் சைகையின் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். (ஆங்கில ஆய்வாளர்கள் சைகையின் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதி, அது மொழிபெயர்ப்பு அல்ல, அடையாளம் மட்டுமே என்று காட்டுவார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அடைப்புக் குறி போல வேறொரு குறியை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.) பிறகு அதே துண்டை மறுபடி ஓட்டிப் புருவத்தைப் பார்க்க வேண்டும். மறுபடி ஓட்டித் தலையைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வீடியோவுக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். மனனம் செய்யும் ஹாஃபிழ் மாணவர் ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப ஓதுவதற்கு இணையான பொறுமை தேவை.

சைகையின் பெயர்களை முன்கூட்டியே ஒரு பட்டியலாகப் போட்டு, அதிலிருந்து மட்டுமே தேர்வு செய்யும்படி கட்டுப்படுத்தவும் வழி உண்டு. ஒருவர் ‘வீடு’ என்றும் இன்னொருவர் ‘இல்லம்’ என்றும் எழுதினால், பின்னால் தேடும்போது ஒரே சைகை இரண்டாகப் பிரிந்துவிடும். பட்டியல் இருந்தால் அந்தக் குழப்பம் வராது. ஒரே வீடியோவுக்கு இருவர் தனித்தனியே குறிப்பு எழுதி, இருவரும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்கிடும் வசதியும் உள்ளே இருக்கிறது. இரண்டு சாட்சிகள் என்ற நமது ஒழுங்கை நினைவூட்டும் ஏற்பாடு.

ஒரு நடைமுறைக் குறிப்பு: ஈலான் வீடியோவைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை; அது இருக்கும் இடத்தை மட்டுமே நினைவில் வைக்கிறது. குறிப்புகளைத் தனிக் கோப்பாகச் சேமிக்கிறது. வீடியோவை வேறு இடத்துக்கு மாற்றினால் மறுபடி காட்டிக்கொடுக்க வேண்டும். பென் டிரைவில் குறிப்புக் கோப்பை மட்டும் போட்டு அனுப்பிவிட்டு, ‘படம் வரவில்லையே’ என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கண்டதும் கருதியதும்

அடுக்குகளைப் பிரிப்பதால் என்ன பயன் என்பதை நிகாஹ் மஜ்லிஸிலிருந்தே விளக்கலாம். மணப்பெண் செவித்திறன் இல்லாதவர். சம்மதம் கேட்கிறார்கள். அவருடைய வலக்கை ‘விருப்பம்’ என்ற சைகையைக் காட்டுகிறது. கையை மட்டும் பார்த்தவர், ‘சம்மதித்துவிட்டார்’ என்பார். ஆனால் அந்தச் சைகை தொடங்கிய நொடியிலிருந்து முடியும் வரை தலை இடவலமாகத் திரும்பிக்கொண்டிருந்தது என்றால்? பல சைகை மொழிகளில் அந்தத் தலையசைவு வாக்கியத்தையே எதிர்மறையாக்கிவிடும். ‘விருப்பமில்லை’ என்பதே அவர் சொன்னது. கையின் அடுக்குக்குக் கீழே தலையின் அடுக்கு இருந்தால் மறைக்க முடியாது. இரண்டு குறிப்புகளும் ஒரே நேரத்தில் தொடங்குவது கண்ணுக்கு நேரே தெரியும்.

நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஆமாம்’ என்பதற்கு நாம் தலையைத் தோள் பக்கம் சாய்ப்போம். ‘இல்லை’ என்பதற்கு இடவலமாகத் திருப்புவோம். வெளியூர்க்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது நாம் அறிந்ததே. அதனால் நல்ல குறிப்பாளர் தலையின் அடுக்கில் ‘மறுத்தார்’ என்று எழுத மாட்டார். ‘இடவலமாக மூன்று முறை திரும்பியது’ என்று எழுதுவார். ‘மறுத்தார்’ என்பது பொருள். அதற்கு வேறு அடுக்கு. கண்டது ஓரிடம், அதிலிருந்து கருதியது வேறிடம்.

இந்த ஒழுக்கம் ஹதீஸ் கலை படித்தவர்களுக்குப் புதிதல்ல. மாதத்தின் நாட்களை நபி (ஸல்) அவர்கள் விரல்களால் காட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இரு கைகளையும் விரித்து ‘இப்படி, இப்படி, இப்படி’ என்று காட்டிய நபியவர்கள், மூன்றாம் முறை கட்டைவிரலை மடக்கிக்கொண்டார்கள். ‘இப்படி’ என்ற சொல்லை மட்டும் காப்பாற்றியிருந்தால் நமக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. கட்டைவிரல் மடங்கியதையும் சேர்த்துக் கடத்தினார்கள். 10, 10, 9 என்று 29 நாட்கள் நமக்குக் கிடைத்தன. அது 29-ஐக் குறிக்கிறது என்ற விளக்கத்தை அறிவிப்பாளர் ‘யஃனீ’, அதாவது ‘கருதுவது என்னவென்றால்’ என்று தனியே பிரித்துச் சொல்கிறார். அநாதையைப் பொறுப்பேற்பவரும் தாமும் சொர்க்கத்தில் எவ்வளவு நெருக்கம் என்று நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களால் காட்டிய செய்தியிலும், விரல்களுக்கிடையே சிறிது இடைவெளி விட்டார்கள் என்பது வரை ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். ‘முஸல்ஸல்’ வகை அறிவிப்புகளில், ஆசிரியர் தம் விரல்களை மாணவரின் விரல்களோடு கோத்துக்கொண்டு அறிவிக்கும் வழக்கமும் உண்டு. அந்தத் தொடர்களின் தரம் பற்றி அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது. நாம் இங்கே பார்ப்பது கடத்தும் முறையை மட்டும்.

அறிவிப்பாளரின் சொந்தச் சொல் மூலச் செய்தியோடு கலந்துவிடுவதை முஹத்திஸ்கள் ‘இத்ராஜ்’ என்றார்கள். அதைப் பிரித்தெடுக்கத் தனி நூல்களே எழுதினார்கள். ‘மகள் சரி என்கிறாள்’ என்று தாயார் சொல்வதும் அவர் அறியாமல் செய்யும் ஓர் இத்ராஜ்தான். ஈலானின் அடுக்குகள் தடுக்கப் பார்ப்பது இதைத்தான்.

கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்ற நபிமொழியை இங்கே சிலர் எடுத்துக்காட்டுவார்கள். கேட்கப்பட்டது என்ன என்று விளங்கிய பிறகு வரும் மௌனத்தைப் பற்றியது அந்த நபிமொழி. கேள்வி போய்ச் சேரவே இல்லாத ஒருவரின் மௌனத்தை அதில் சேர்க்க முடியுமா? இத்தகைய நிகாஹ்களில் சைகை மொழி அறிந்த, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்பது நமது கருத்து. மஹல்லா ஜமாஅத்துகள் இதைத் தங்கள் நடைமுறையிலேயே சேர்த்துவிடலாம். சாட்சியம் பற்றிய சட்டத்தையும் கவனியுங்கள். பேச இயலாதவரின் சாட்சியத்தைச் சைகையால் மாலிகீகள் ஏற்கிறார்கள், ஹனஃபீகள் ஏற்பதில்லை. மறுப்பவர்கள் சொல்லும் காரணம், சைகையில் ஐயம் இருக்கிறது என்பது. அந்த ஐயத்தில் எவ்வளவு சைகையில் இருக்கிறது, எவ்வளவு பார்ப்பவரின் அறியாமையில் இருக்கிறது என்று அளந்து பார்க்கும் கருவி முன்பு இல்லை.

சேகரித்தவர்கள் கண்டது

நைமேகனின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் ஓனோ கிராஸ்போர்ன் தலைமையில் டச்சுச் சைகை மொழித் தொகுப்பு ஒன்று உருவாக்கப்பட்டு 2008-இல் வெளியிடப்பட்டது. 92 பேர், சுமார் 72 மணி நேர வீடியோ, குறிப்புகள் ஈலானில். பிரிட்டனில் 8 நகரங்களிலிருந்து 249 பேரைப் பதிவு செய்தார்கள். இப்படிச் சேர்ந்த பிறகு, ‘இந்தச் சைகையை முதியவர்கள் மட்டும் பயன்படுத்துகிறார்களா? இந்த ஊரில் மட்டும் உள்ளதா?’ என்ற கேள்விகளை நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒரே தேடலில் கேட்கலாம். ‘அறியப்பட்ட சைகை’ எது என்று ஊகிக்காமல் எண்ணிச் சொல்ல முடிகிறது.

நம் வாசகர்களைக் கவரக்கூடிய இன்னொரு ஆய்வு, நெகேவ் பாலைவனத்தில் உள்ள அல்-ஸய்யித் என்ற பதூயின் முஸ்லிம் ஊரைப் பற்றியது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய சமூகம் அது. பிறவியிலேயே செவித்திறன் இல்லாத குழந்தைகள் அங்கே பல குடும்பங்களில் பிறந்தார்கள். 2005-இல் ஆய்வு வெளிவந்தபோது ஏறத்தாழ 3,500 பேரில் சுமார் 150 பேர் அப்படி இருந்தார்கள். யாரும் கற்பிக்காமல் அங்கே ஒரு சைகை மொழி பிறந்து, செவித்திறன் உள்ளவர்களும் அதில் பேசுகிறார்கள். வெண்டி சாண்ட்லர், இரிட் மேய்ர், கேரல் பேடன், மார்க் அரொனாஃப் ஆகியோர் அந்த ஊராரின் கதைகளை வீடியோவில் பதிந்து, வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தார்கள். எழுவாய் முதலில், செயப்படுபொருள் அடுத்து, வினை கடைசியில் என்ற வரிசை அதில் நிலைபெற்றிருந்தது. சுற்றிலும் பேசப்படும் அரபியிலும் ஹீப்ருவிலும் இந்த வரிசை இல்லை. நம் தமிழில் இருக்கிறது! தமிழை அவர்கள் கேட்டதில்லை. மனித மனத்தில் அல்லாஹ் வைத்த மொழித்திறன் தன் வழியைத் தானே கண்டுகொண்டது. அவர்களுடைய பேச்சை வெறும் கையசைப்பு என்று ஒதுக்கியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. ‘ஊமை’ என்ற சொல்லை நம் வீடுகளில் இன்னும் கூசாமல் சொல்கிறோம் என்பதையும் இங்கே குறித்துவிடுகிறோம்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தானே செய்துவிடாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கூகுளின் ‘மீடியாபைப்’ போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு கையிலும் 21 புள்ளிகளைக் குறித்து, அவை நகரும் பாதையைச் சொல்லிவிடும். கை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்கும் சலிப்பான வேலை அதனால் குறையும். ஆனால் புள்ளிகள் நகர்ந்த பாதை பொருள் ஆகாது. இயந்திரத்துக்குப் பொருளைக் கற்பிக்க, மனிதர்கள் குறிப்பெழுதிய வீடியோக்கள்தான் வேண்டும். கையுறை மாட்டினால் சைகை பேச்சாகிவிடும் என்று அவ்வப்போது செய்தி வரும்போது நாம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: கையுறைக்குப் புருவம் தெரியுமா?

இந்தியாவில் 2015-இல் புதுடெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் அமைக்கப்பட்டது. அதன் அகராதி 2018-இல் 3,000 சொற்களோடு வந்து, 2019-இல் 6,000 ஆகி, 2021-இல் 10,000-ஐ எட்டியது. இந்தியச் சைகை மொழியில் கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும்: ‘உன் பெயர் என்ன’ என்று நாம் கேட்பது போலவே. ஆனால் தயம்மும், இத்தா, மஹர், வலீ ஆகியவற்றை ஒரு பொது அகராதியிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. அதற்காக ஆலிம்கள் உட்கார்ந்து புதிய சைகைகளை உண்டாக்கிக் கொடுப்பதும் சரியாகாது. செவித்திறன் இல்லாத முஸ்லிம்கள் இவற்றுக்குத் தங்களிடையே ஏற்கெனவே என்ன சைகை வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். ஓர் ஊர் ஜமாஅத், சம்மதிக்கும் பத்துப் பேரிடம் வுளூவின் முறையைச் சைகையில் விளக்கச் சொல்லிப் பதிவு செய்தாலே போதிய தொடக்கம். நல்ல வெளிச்சம், கை வெளியே போகாத அளவுக்கு அகலமான சட்டகம், தோல் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் ஒற்றை நிறச் சட்டை இருந்தால் போதும்; கைபேசி கேமராவே வேலை செய்யும். குறிப்பெழுதும் வேலையைச் சைகை மொழியிலேயே வளர்ந்த இளைஞர்களிடம் கொடுக்க வேண்டும். நாம் அவர்களுக்குக் கணினியையும் ஊதியத்தையும் கொடுத்தால் போதும்.

முகம் பற்றிய விஷயம்தான் மிகவும் கவனம் வேண்டியது. குரல் பதிவில் பெயரை நீக்கிவிட்டால் பேசியவரை ஓரளவு மறைக்கலாம். சைகை வீடியோவில் முகத்தை மறைத்தால் இலக்கணமே போய்விடும். புருவமும் வாயும் அதன் உறுப்புகள். நிகாப் அணியும் சகோதரிகள் தங்களுக்குள் முகம் திறந்து உரையாடும் மொழியைப் பெண்களே பதிவு செய்து, பெண்களே குறிப்பெழுதி, பெண்களிடமே வைத்துக்கொள்ளலாம். ஈலானில் குறிப்புக் கோப்பு வீடியோவிலிருந்து தனியாக இருப்பது இங்கே உதவியாகிறது: படத்தைப் பூட்டி வைத்துவிட்டு எழுத்துக் குறிப்பை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுக்க முடியும். யாரைப் பதிவு செய்தாலும், எதற்காக எடுக்கிறோம், யார் யார் பார்ப்பார்கள் என்பதை அவருடைய மொழியிலேயே விளக்கிச் சம்மதம் கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலையும் படம்பிடித்து அந்தக் கோப்போடு வைக்க வேண்டும். பின்னாளில் அவர் வேண்டாம் என்று வந்தால், எந்தக் கோப்பை அழிப்பது என்று தேடாமல் சொல்லும்படி ஒரு பதிவேடும் இருக்க வேண்டும்.